பிக்கப்புக்குப் பெரிய டயர் போடுவது எப்படி? முதலில் அளவு டேப்பை எடுங்கள்

நிற்கிற பிக்கப்பின் முன்சக்கரத்துக்கு மேலே கையை விட்டுப் பார்த்தால் நான்கு விரல் தாராளமாகப் போகும். இவ்வளவு இடம் இருக்கிறதே என்று நம்பித்தான் நானும் முதல் தடவை பெரிய டயர் வாங்கினேன். நேராக ஓட்டியவரை சத்தமே இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தபோது ‘கரகர’வென்று கேட்டது. இறங்கிப் பார்த்தால், சக்கரக் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையின் பின்பக்கம் ஓர் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து பளபளத்தது. மேலே தெரிகிற இடைவெளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். சக்கரம் திரும்பும்போது எங்கே போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டயரில் உள்ள எண்கள்

265/70 ஆர் 17 என்று எழுதியிருக்கிறதா? 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ., டயரின் பக்கச் சுவர் உயரம். 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம், 431.8 மி.மீ. சுவர் மேலேயும் கீழேயும் இரண்டு தடவை வருவதால் மொத்த உயரம் 802.8 மி.மீ.

இதே கணக்கை 285/70 ஆர் 17-க்குப் போட்டால் 830.8 மி.மீ. வரும். வித்தியாசம் 28 மி.மீ. ஆனால் அச்சுக்குக் கீழே வருவது அதில் பாதிதான், ஆகவே வண்டி உயர்வது வெறும் 14 மி.மீ. வண்டி நன்றாகத் தூக்கி நிற்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சுற்றளவு சுமார் 3.5 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 103.5-இல் போய்க்கொண்டிருக்கும். ஓடிய தூரமும் குறைவாகப் பதிவாகும், அதனால் மைலேஜ் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். டயர் கனம் கூடுவதால் உண்மையிலேயே கொஞ்சம் குறையவும் செய்யும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இழுவையும் சற்று மந்தமாகும். முதல் தடவை போடுபவர்கள் இந்த 3.5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

அளவுக்குப் பக்கத்தில் 115, 121 என்று இன்னோர் எண் இருக்கும். அது ஒரு டயர் தாங்கும் பாரத்துக்கான குறியீடு: 115 என்றால் 1215 கிலோ, 121 என்றால் 1450 கிலோ. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

ரிம்மை மாற்றலாமா?

ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் (சக்கரம் மாட்டப்படும் அச்சின் முனைப் பகுதி) உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரத்தை ஆப்செட் என்பார்கள். அகலம் மாறாமல் ஆப்செட் 30-இலிருந்து 0-க்குப் போனால் சக்கரம் 30 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். பார்க்க கெத்தாக இருக்கும், ஆனால் திரும்பும்போது பெரிய வட்டமடித்து பம்பர் ஓரத்தில் இடிக்கும். டயரையும் ரிம்மையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் இடிக்கிறது என்றே தெரியாது. பழைய ரிம் புதிய டயரின் அகலத்துக்குப் பொருந்துமா என்று டயர் கம்பெனியின் அட்டவணையில் பார்த்துவிட்டு, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பது

பழைய டயர் இருக்கும்போதே ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடியுங்கள். டயருக்கு முன்னால் பம்பர் உறை, பின்னால் மட்பிளாப், உள்பக்கம் சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) ஆகிய மூன்று இடங்களிலும் இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கை நுழையாத இடத்தில் களிமண் உருண்டையை அழுத்தி எடுத்து அதன் தடிமனைப் பார்க்கலாம். பிறகு மறுபக்கம் ஒடித்து இதையே செய்யுங்கள். நம் உதாரணத்தில் முன்னும் பின்னும் 14 மி.மீ., உள்ளே 10 மி.மீ. குறையும். அதற்குப் பிறகும் ஒரு விரல் கனமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

மாட்டுவது

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்முனைச் சக்கரத்துக்கு அடைகட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்தி, அப்புறம் ஜாக்கியைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். ரிம்மில் டயர் ஏற்றுவதையும் பேலன்சிங்கையும் கடையில் விடுவதே சரி. திருப்பி மாட்டும் முன் ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். துரு இருந்தால் ரிம் சரியாக உட்காராது, நட்டு பின்னால் தளரும்.

நட்டுகளை முதலில் கையாலேயே திருகுங்கள். அப்புறம் ஸ்பேனரால், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக. சக்கரம் தரையைத் தொட்டதும், வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) முடுக்குங்கள். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை முடுக்கிப் பாருங்கள்.

சாக்பீஸ் சோதனை

டயரின் இரு தோள்களிலும், அதாவது தரையில் உருளும் பகுதி பக்கச் சுவரோடு சேரும் ஓரங்களில், சாக்பீஸை நன்றாகப் பூசுங்கள். முழுக்க ஒடித்து மெதுவாக முன்னே போய், ரிவர்ஸும் எடுங்கள். அடுத்து ஒரு முன்சக்கரத்தை மட்டும் சாய்தளத்தில் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் ஒடியுங்கள். இடிக்கும் இடத்தில் சாக்பீஸ் அழிந்து, எதிரே வெள்ளைத் தடம் விழுந்திருக்கும். மட்பிளாப்பில் தடம் என்றால் கழற்றி நகர்த்திவிடலாம். பிளாஸ்டிக் உறை என்றால் கிளிப் போட்டுப் பின்னால் இழுத்துக் கட்டலாம். இரும்பில் தடம் தெரிந்தால் அந்த டயரோடு சாலைக்குப் போகாதீர்கள். ஓர் அளவு குறைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைக் கடையில் சரிசெய்ய வேண்டும். டயர் அளவை மாற்ற உங்கள் ஊர்ப் போக்குவரத்து விதியும் காப்பீடும் அனுமதிக்கின்றனவா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். பழைய சிறிய டயரே ஸ்டெப்னியாக இருந்தால், அதே அச்சில் இரண்டு சக்கரம் இரண்டு வேகத்தில் சுற்றும், இரு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிபரென்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி ஓயாமல் வேலை செய்து சூடாகும். போர்வீல் டிரைவ் போட்டால் இன்னும் மோசம். ஐந்தாவது டயரும் பெரிதாகவே இருக்கட்டும். ஸ்டெப்னியைப் பின்பக்கச் சுமைத் தொட்டிக்கு அடியில் தொங்கவிடும் வண்டி என்றால், காற்றடித்த புதிய டயரை அந்த இடத்தில் கடையிலேயே ஏற்றிப் பாருங்கள்.