பழைய கேம்பர் வேனில் துருவைச் சரிசெய்த விதம்

உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள என் கேம்பர் வேனில், பின்சக்கர வளைவுக்கு மேலே பெயின்ட் கொப்பளித்திருந்தது. நகக்கண் அளவுதான். ஸ்குரூடிரைவரால் குத்தினால் சரக்கென்று உள்ளே போய்விட்டது. இந்த மாதிரி இடங்களில் துரு உள்பக்கமிருந்து தின்றுகொண்டு வரும். வெளியே தெரிவது கடைசியில்தான்.

கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்து, நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்தேன். இதில் கஞ்சத்தனம் கூடாது. மெலிந்த தகட்டில் வெல்டிங் வைத்தால் ஓட்டைதான் பெரிதாகும். அட்டையில் அளவெடுத்து 1 மி.மீ. தகட்டில் ஒட்டு வெட்டினேன். கேம்பரில் தீப்பிடிக்கிற சாமான் அதிகம். அதனால் எரிவாயு சிலிண்டர், பலகை, பஞ்சு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பேட்டரியையும் கழற்றிய பிறகே வெல்டிங். ஒரே இழுப்பாக ஓட்டாமல், எதிரெதிர் பக்கமாகப் புள்ளி புள்ளியாக வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுச் சேர்த்தேன். இல்லாவிட்டால் சூட்டில் தகடு நெளிந்துவிடும்.

அப்புறம் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர், இணைப்புகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட், மேடுபள்ளத்தைச் சமன்செய்ய மெலிதாகப் பட்டி (புட்டி), பெயின்ட். பட்டியை வைத்தே ஓட்டையை அடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், பட்டி ஈரத்தை உறிஞ்சி, பின்னால் துருவை வளர்க்கும்.

சரி, துரு ஏன் வந்தது? வளைவை ஒட்டிய அடிச்சட்டத்தில் தண்ணீர் வடியும் துளைகள் சேறடைத்துக் கிடந்தன. கம்பியால் குத்தியதும் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. நன்றாகக் காயவிட்டு, துளை வழியே நீளக் குழாய் நுழைத்து உள்ளே துருவைத் தடுக்கும் மெழுகுக் கலவை தெளித்தேன். வெல்டிங் சூட்டில் மெழுகு தீப்பிடிக்கும், அதன் மேல் பெயின்டும் ஒட்டாது. அதனால் இதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும்.