மாடிக் கயிற்றுக்கு லுங்கிப் பை, மதியத்துக்கு ஷான் தோபு

ரங்கூன் நகர நடுவில், பபேடான் பக்கம் வந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் பால்கனிக்குப் பால்கனி ஒரு கயிறு தொங்கும். பழைய கட்டடங்கள், பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. பேப்பர்காரர் கயிற்றை ஓர் இழு இழுத்தால் மேலே மணி அடிக்கும். நுனியில் இருக்கும் கிளிப்பில் பேப்பரைச் செருகிவிட்டு அவர் போய்விடுவார், நாம் நின்ற இடத்திலிருந்தே இழுத்துக்கொள்ளலாம். காய்கறி, மருந்து, சாவிக்கொத்து எல்லாம் இப்படித்தான் ஏறி இறங்குகின்றன.

பேப்பருக்கு கிளிப் போதும், காய்கறிக்குப் போதாது. பிளாஸ்டிக் பையைக் கட்டினால் இரண்டாவது மாடி ஏசி பெட்டியில் உரசிக் கிழிகிறது. அதற்குத்தான் இந்தக் கயிற்றுப் பை. எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு நான் தைத்துக் கொடுத்திருக்கிறேன். பழைய லுங்கி ஒன்று, பர்மியப் பெண்கள் லுங்கி போலக் கட்டும் பழைய தமேன் ஒன்று, நூல். வேறு எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

முதலில் துணி. பருத்தி லுங்கிதான் வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஓர் இழை உருவித் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரிந்த வாசம் வந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் கலந்தது உருகி நுனியில் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும், அதை ஒதுக்கிவிடுங்கள். புதுத் துணியைவிட நாலைந்து வருடம் துவைத்த துணிதான் எனக்குப் பிடிக்கும். கஞ்சி போயிருக்கும், சாயம் விடாது, சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கி முடிந்திருக்கும். ஆனால் பழசு என்றால் நைந்தது அல்ல. லுங்கியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், உட்காரும் இடமும் முடிச்சுப் போடும் இடமும் சல்லடையாகத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, மூட்டுத் தையலைப் பிரித்து, நல்ல பக்கமாகப் பார்த்து வெட்டுங்கள்.

அளவு: நீளம் 36 அங்குலம், அகலம் 18 அங்குலம், ஒரே துண்டு. கட்டம் போட்ட லுங்கியாக இருந்தால் சாக்குக்கட்டியும் ஸ்கேலும் வேண்டாம். கட்டத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டே கத்தரி போனால் போதும், கோணாது.

நாடாவுக்குத்தான் தமேன். இடுப்பில் வைத்துத் தைத்திருக்கும் கறுப்புப் பட்டி இருக்கிறதே, அது கெட்டிப் பருத்தி. பூப்போட்ட துணி வெளுத்துப் போன பிறகும் அந்தப் பட்டி உழைக்கும். அதைப் பிரித்து, 2 அங்குல அகலத்தில் ஒன்றரை கஜ நீளத்துக்கு இரண்டு துண்டு எடுங்கள். இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, ஓரமாக ஒரு தையல். அரை அங்குல நாடா தயார்.

இனிப் பை. துணியின் 18 அங்குல ஓரம் இரண்டும்தான் பையின் மேல் ஓரங்கள். நான்கு மூலைகளிலும், அந்த ஓரத்திலிருந்து 4 அங்குலம் வரை பக்க ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள். நாடா வெளியே வரும் வாய் இது. இப்போதே முடிக்காவிட்டால் பிறகு அந்த இடத்தில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். அடுத்து இரண்டு மேல் ஓரங்களையும் முதலில் அரை அங்குலம், பிறகு ஒன்றேகால் அங்குலம் மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தில் தையுங்கள். அந்தத் தையலுக்கு ஒட்டினாற்போல இன்னொன்றும் போடுங்கள். எடை முழுவதும் இந்தக் குழாயில்தான் தொங்கப்போகிறது, இங்கே நூலை மிச்சம் பிடிக்காதீர்கள்.

நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி துணியை இரண்டாக மடியுங்கள். குழாய்க்குச் சற்றுக் கீழே தொடங்கி அடி வரைக்கும், அரை அங்குலம் விட்டுப் பக்கத் தையல். தொடங்கும் இடத்தில் மிஷினை மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரு பை பிய்ந்தால் அநேகமாக அந்த ஒரு புள்ளியில்தான் பிய்யும். கால் அங்குலம் தள்ளி இரண்டாவது தையலும் போட்டு, ஓரத்தைச் சுற்றித் தைத்துவிடுங்கள். இதற்கெல்லாம் என்னிடம் இருப்பது கால் மிஷின். கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் கால் மிஷினை விற்றவர்கள் இப்போது தேடுகிறார்கள்.

அடிப்பாகம் தட்டையாக இருந்தால்தான் முட்டையும் குழம்புத் தூக்கும் சாயாமல் வரும். பை உள்பக்கம் வெளியே இருக்கும்போதே, கீழ் மூலையை விரித்து, பக்கத் தையல் அடி மடிப்பின் மேல் நேராக உட்காரும்படி முக்கோணமாக்குங்கள். நுனியிலிருந்து இரண்டரை அங்குலத்தில் குறுக்கே இரட்டைத் தையல். மற்ற மூலையும் அப்படியே. முக்கோணங்களை வெட்டி எறியாமல் அடிப்பக்கமாக மடித்து வைத்துத் தைத்தால் அடி இன்னும் கெட்டியாகும். இப்போது புரட்டினால் 5 அங்குல அகல அடியோடு பை நிற்கும்.

ஊக்கில் நாடாவைக் கோத்து, ஒரு பக்க வாய் வழியாக நுழைத்து இரண்டு குழாயையும் சுற்றி வந்து அதே பக்கம் வெளியே எடுத்து முடிச்சுப் போடுங்கள். இரண்டாவது நாடா எதிர்ப் பக்கத்திலிருந்து. இரண்டு முடிச்சையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டித் தூக்கினால், உள்ளே இருக்கும் எடையே வாயை இறுக்கிவிடும். எவ்வளவு ஆடினாலும் எலுமிச்சம்பழம் தெருவில் உருளாது. வாய் பூட்டும் கொக்கியாகப் பார்த்துப் போடுங்கள், எஸ் கொக்கி வேண்டாம். இரண்டு பர்மா வீசைக்கு மேல், அதாவது மூன்றேகால் கிலோவுக்கு மேல், நான் ஏற்றுவதில்லை. பை தாங்கும், கீழே நடந்து போகிறவர் தலையை நினைத்துத்தான்.

மிஷின் திறந்திருக்கும்போதே இன்னொரு சின்ன வேலை. பழைய வெள்ளை வேட்டியில் 24 அங்குலச் சதுரம் வெட்டி நான்கு பக்கமும் மடித்துத் தையுங்கள். வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்து, சோப்பு வாசம் போகும் வரை அலசி, வெயிலில் காய வையுங்கள். இது வடிதுணி. சாயம் போட்ட லுங்கித் துணியைச் சாப்பாட்டில் படவிட வேண்டாம்.

அந்த வடிதுணிக்கு எங்கள் வீட்டில் முதல் வேலை ஷான் தோபு. சோயாவில் செய்கிற வெள்ளைத் தோபு அல்ல இது. பர்மாவின் ஷான் இன மக்களுடையது கடலை மாவுத் தோபு, மஞ்சளாக இருக்கும். சோயாப் பாலைப் போலத் திரிக்கிற வேலையே இல்லை, மாவு வெந்து ஆறினால் தானாகவே இறுகிக்கொள்ளும். ஃபிரிட்ஜும் வேண்டாம். என் மாமியார் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இதைத்தான் செய்யச் சொல்வார்.

கடலை மாவு ஒரு டம்ளர், தண்ணீர் மொத்தம் மூன்று டம்ளர், உப்பு ஒரு டீஸ்பூன், மஞ்சள் தூள் கால் டீஸ்பூன். பஜ்ஜிக்கென்று அரிசி மாவு கலந்து விற்பதை வாங்காதீர்கள், தோபு வழவழப்பாக வராது. மாவை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து இரண்டு மணி நேரம் வைத்து, வடிதுணியில் ஊற்றிப் பிழியுங்கள். துணியில் கொரகொரப்பாக ஒரு பிடி நிற்கும். அதை அடை மாவில் சேர்த்துவிடலாம்.

அடி கனமான பாத்திரத்தில் மீதி ஒன்றரை டம்ளர் தண்ணீரை உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க விடுங்கள். தீயைக் குறைத்து, ஒரு கையால் மாவுக் கரைசலை மறுபடி ஒருமுறை கலக்கி ஊற்றிக்கொண்டே, மறு கையால் கிளறுங்கள். முதலில் நீர் மோராக ஓடும். பிறகு அடியில் திரிதிரியாகப் பிடிக்கும், பயப்பட வேண்டாம், மத்தால் அடித்தால் கரைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் முழுவதும் கெட்டிப்பட்டு, பொத் பொத்தென்று குமிழி வெடிக்கும். பலர் இங்கேயே இறக்கிவிடுகிறார்கள். நாக்கில் வைத்தால் பச்சை வாசம் அடிக்கும். சிறு தீயில் இன்னும் எட்டுப் பத்து நிமிடம் கை விடாமல் கிளற வேண்டும். மேலே பளபளப்பு ஏறி, கரண்டியைத் தூக்கினால் நாடாவாக விழுந்து, விழுந்த தடம் மறையாமல் நின்றால் சரி.

எண்ணெய் தடவிய தட்டில் ஒரு அங்குல உயரத்துக்கு ஊற்றித் தட்டைத் தட்டிச் சமப்படுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடினால் மூடியில் நீர் கோத்து மேலே சொட்டும், அதனால் மெல்லிய துணி மட்டும் போதும். இரண்டு மூன்று மணி நேரத்தில் கத்திக்கு அழகாக வரும். எங்கள் ஊர் வெயிலில் அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் புளித்துவிடும்.

இதைத் துண்டு போட்டுப் பிசைவதுதான் தோபு தோ. சென்னையில் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (கையால் பிசைந்து தரும் பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டவர்களுக்குக் கை தானாக வரும். மெல்லிய துண்டுகளாக அரிந்து, கெட்டிப் புளிக்கரைசல், பூண்டு பொரித்த எண்ணெய், பொரித்த பூண்டு, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, வறுத்த மிளகாய்த் தூள், கொத்தமல்லி, கொஞ்சம் சோயா சாஸ். விரத நாள் இல்லையென்றால் சோயா சாஸுக்குப் பதில் மீன் சாறு (ஃபிஷ் சாஸ்). கரண்டி போட்டால் உடையும், விரல் நுனியால் புரட்டுங்கள். பூண்டு எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டினால் தோபு வெறும் மாவாகத் தெரியும்.

பொரிப்பதானால் முக்கோணமாக, அரை அங்குல கனத்துக்கு வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு நல்ல சூட்டு எண்ணெயில் போடுங்கள். போட்டதும் ஒன்றோடொன்று ஒட்டும். கரண்டியால் பிரிக்கப் போனால் தோல் உரியும், ஓரம் மொரமொரப்பான பிறகு தானே விலகும். புளியும் பச்சை மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்த சாற்றோடு, சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.