ரேடாரில் தெரிந்தால் உள்ளே போகலாமா? வான்வெளி வகுப்புகளில் மாணவ விமானிகளின் தவறுகள்

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்கும் மாணவர்களிடம் வான்வெளி வகுப்புகளை, அதாவது விதிகளுக்கேற்ப வானத்தை ஏ, பி, சி, டி, ஈ, ஜி என்று பிரித்திருக்கும் பகுதிகளைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். வானில் ஏறியதும்தான் சிக்கல். வரைபடத்தில் நிறத்தை மாற்றிப் பார்ப்பது போன்ற சின்னத் தவறுகள் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஃபிளைட் ஃபாலோயிங்கை பிராவோ (பி வகுப்பு) அனுமதியாக நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு மாணவரோடு கிழக்கு நோக்கி 3,500 அடியில் போய்க்கொண்டிருந்தோம். தரையிலிருந்து ரேடாரில் நம்மைக் கண்காணிக்கும் ஃபிளைட் ஃபாலோயிங் சேவை வாங்கியாயிற்று, வான்போக்குவரத்து கன்ட்ரோலர் "ரேடார் கான்டாக்ட்" (ரேடாரில் தெரிகிறீர்கள்) சொல்லிவிட்டார், பக்கத்தில் போகும் விமானங்களையும் காட்டிக்கொண்டிருந்தார். வரைபடத்தில் எதிரே, பெரிய விமான நிலையத்தைச் சுற்றிய பி வகுப்பின் நீலக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மேலே 100, கீழே 30 என்று அச்சிட்டிருந்தது. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடியில் தொடங்கி 10,000 அடி வரை பிராவோ என்று அர்த்தம். நாமோ அடித்தளத்துக்கு 500 அடி மேலே. "அனுமதி வாங்கினாயா?" என்றேன். "அதான் ரேடாரில் நம்மைப் பார்க்கிறாரே சார்" என்றார்.

கேட்கச் சொன்னேன். கேட்டார். "பிராவோவுக்கு வெளியே இருங்கள்" என்று பதில் வந்தது. கோட்டைத் தொடும் முன்பே 2,500-க்கு இறங்கினோம்.

கன்ட்ரோலர் நம்மைப் பார்ப்பது வேறு, உள்ளே விடுவது வேறு. பி வகுப்புக்குள் விஎஃப்ஆரில் (கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளில்) பறக்கும் சிறு விமானத்தையும் மற்ற விமானங்களிலிருந்து பிரித்து வைப்பது அவர் பொறுப்பு. அந்த 3,000 அடிக்குச் சற்று மேலேயே ஜெட் ஒன்றை அவர் இறக்கிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் வெளிப்படையான அனுமதி வேண்டும். "கிளியர்டு" என்ற சொல்லும் "பிராவோ" என்ற பெயரும் சேர்ந்து காதில் விழ வேண்டும். "ரோஜர்" (கேட்டுக்கொண்டேன்) போதாது. எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று அவரே சொன்னாலும் போதாது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள், ஒரு வரிதான். சில கன்ட்ரோலர்கள் முன்கூட்டியே எச்சரிப்பார்கள். அதை நம்பிப் பறக்காதீர்கள், அனுமதி வாங்குவது விமானியின் வேலை.

மீறினால் "பாசிபிள் பைலட் டீவியேஷன்" (விமானி விதியை மீறியிருக்கலாம்) என்று சொல்லி ஒரு தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். உரிமம் வாங்கும் முன்பே அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் விசாரணை. தெரியாமல் நடந்த தவறென்றால் 10 நாளுக்குள் நாசாவின் பாதுகாப்பு அறிக்கைப் படிவத்தை அனுப்பிவிடுங்கள், பெரும்பாலும் தண்டனையிலிருந்து அது காப்பாற்றும்.

தனியாகப் பறக்கும் மாணவருக்கு இன்னொன்றும் வேண்டும். அந்தக் குறிப்பிட்ட பி வகுப்புப் பகுதியிலேயே பயிற்சி பெற்று, கடந்த 90 நாளுக்குள் பயிற்றுநர் லாக்புக்கில் எழுதிய ஒப்புதல் இருக்க வேண்டும். அது இல்லாமல் கன்ட்ரோலர் அனுமதி தந்தாலும் போகக் கூடாது.

"ஸ்டேண்ட்பை"யைத் தவறாகப் புரிந்துகொள்வது

சி, டி வகுப்புகளுக்கு அனுமதி தேவையில்லை, இருவழி வானொலித் தொடர்பு ஏற்பட்டால் போதும். கன்ட்ரோலர் உங்கள் விமானத்தின் அழைப்புப் பெயரான கால் சைனைச் சொல்லி "ஸ்டேண்ட்பை" (காத்திருங்கள்) என்றால் தொடர்பு ஏற்பட்டுவிட்டது, போகலாம். "கூப்பிட்ட விமானம், ஸ்டேண்ட்பை" என்றால் ஏற்படவில்லை, வெளியே காத்திருங்கள். கால் சைனோடு "வெளியே இருங்கள்" என்று சொன்னாலும் வெளியேதான்.

கட்டுப்பாடற்ற ஜி வகுப்பில் 1 மைல் பார்வைத் தூரம் போதும் என்பது

உரிமம் பெற்றவர் பகலில் தரைக்கு அருகே பறக்க அது போதும். தனியாகப் பறக்கும் மாணவருக்கு எந்த வகுப்பானாலும் பகலில் 3 மைல், இரவில் 5 மைல் பார்வைத் தூரம் இருந்தே ஆக வேண்டும். வான்வெளி அட்டவணையை மட்டும் படித்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். இந்த விதி இருப்பது மாணவ விமானிகளுக்கான பகுதியில்.

டிரான்ஸ்பாண்டர்

பி வகுப்பு விமான நிலையத்தைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் அடித்தளத்துக்குக் கீழே பறந்தாலும், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் இந்தக் கருவி ஆனில் இருக்க வேண்டும். விமானம் இருக்கும் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட்டும் அப்படியே.

ஏ வகுப்பு

18,000 அடியிலிருந்து. ஐஎஃப்ஆர் (கருவிகளைப் பார்த்துப் பறக்கும் விதிகள்) மட்டும்.

டவர் மூடிய பிறகும் டி வகுப்பு என்று நினைப்பது

பல விமான நிலையங்களில் இரவில் கட்டுப்பாட்டு டவர் மூடும். அப்புறம் அந்த வான்வெளி ஈ அல்லது ஜி ஆகிவிடும். எது, எத்தனை மணிக்கு என்பது விமான நிலைய விவரங்கள் அடங்கிய சார்ட் சப்ளிமெண்டில் இருக்கும். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.