சிறுவர் துப்பறியும் மேசையாட்டம்: முதன்முறை நடத்துபவருக்கான செய்முறை விளக்கம்

பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளேயிங் மேசையாட்டத்தில் ஒருவர் களத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்வது பலிக்குமா என்ற ஐயம் எழும்போது பகடை உருளும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகைக்குத் தொடக்கம் என்பதால், பலருக்கு இதைச் சொன்னவுடன் வாளும் டிராகனும்தான் நினைவுக்கு வரும். இங்கே நான் விளக்கப்போவது வேறொன்றை. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஊரில் நடக்கும் விசித்திரத்தின் காரணத்தைத் தேடிப் புறப்படும் சிறுவர்களின் கதையைப் பல வாரங்கள் தொடர்ந்து நடத்துவது எப்படி என்பதே பொருள்.

படி 1: ஒரு விதிநூலைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, ஸ்வீடனின் ஃப்ரீ லீக் நிறுவனம் 2017இல் வெளியிட்ட டேல்ஸ் ஃப்ரம் தி லூப். சிமோன் ஸ்டோலென்ஹாக் என்ற ஓவியரின் படங்களிலிருந்து பிறந்த ஆட்டம் இது. களம், ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே மேலாரன் ஏரியில் இருக்கும் தீவுகள், காலம் 1980கள். நாம் அறிந்த 1980களிலிருந்து ஒரே ஒரு வேறுபாடு உண்டு. தீவுகளின் அடியில் மாபெரும் துகள் முடுக்கி ஒன்று ஓடுகிறது. அதன் பெயர்தான் லூப். அதன் கழிவாகவும் விபத்தாகவும் விந்தைகள் ஊருக்குள் கசிகின்றன.

ஸ்வீடன் வேண்டாம், ஊரையே நாமாக உருவாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் 2018இல் வந்த கிட்ஸ் ஆன் பைக்ஸ் இருக்கிறது. அதில் ஊரைப் பற்றிய வதந்திகளை ஆடுபவர்களே சொல்லி நிரப்புவார்கள். ஆனால் முதன்முறை நடத்துபவருக்குக் களம் ஆயத்தமாக இருப்பது பெரும் உதவி என்பதால், இந்த விளக்கம் முழுவதும் லூப்பையே பின்பற்றுகிறேன்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. நடத்துபவரைத் தவிர மூவர் முதல் ஐவர், பென்சில், தாள், பத்துப் பன்னிரண்டு ஆறுமுகப் பகடைகள் ஆகியவை போதும். லூடோ பெட்டியில் கிடைக்கும் பகடையே சரியாக இருக்கும். வீட்டில் இருக்கும் தாயக்கட்டை இதற்கு உதவாது, அதில் ஆறு முகமில்லை.

படி 2: முதல் கூடுகையில் பாத்திரங்களை மட்டும் உருவாக்குங்கள்

முதல் நாளே மர்மத்தைத் தொடங்க வேண்டாம். அன்று ஆடுபவர்கள் தங்கள் சிறுவர்களை உருவாக்கட்டும். ஒவ்வொருவரும் 10 முதல் 15 வரை ஒரு வயதைத் தேர்ந்தெடுப்பார்கள். உடல், நுட்பம், இதயம், அறிவு என்ற நான்கு பண்புகளுக்கிடையே அந்த வயதுக்குச் சமமான புள்ளிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பதினைந்திலிருந்து வயதைக் கழித்தால் வருவது அதிர்ஷ்டப் புள்ளி. ஆகவே பெரிய பிள்ளைக்குத் திறமை அதிகம், சின்னப் பிள்ளைக்கு அதிர்ஷ்டம் அதிகம். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

எண்களைவிட முக்கியமானவை இரண்டு. ஒவ்வொரு சிறுவருக்கும் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு சிக்கல் இருக்க வேண்டும். மனம் உடையும்போது போய் ஒண்டிக்கொள்ள ஒரு பெரியவரும் இருக்க வேண்டும். 'அப்பாவுக்கு வேலை போய்விடும் போலிருக்கிறது', 'அண்ணன் என்னோடு பேசுவதில்லை' என்ற அளவில் இருந்தால் போதும். இவற்றை உங்கள் குறிப்பேட்டில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள், ஏனெனில் உங்கள் மர்மம் இவற்றில் ஒன்றிலிருந்துதான் முளைக்கப்போகிறது.

அன்றே பேசி முடிக்க வேண்டிய இன்னொன்று எல்லைகள். கதையில் ஆபத்துக்குள்ளாகிறவர்கள் குழந்தைகள் என்பதால், எதைத் தொடக் கூடாது என்பதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். மேசை நடுவே எக்ஸ் குறியிட்ட ஓர் அட்டையை வைத்து, யார் அதைத் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிச் செல்லும் வழக்கம் உலகெங்கும் ஆடுபவர்களிடம் உண்டு. அதை நீங்களும் கடைப்பிடிக்கலாம். இந்த ஆட்டத்தில் சிறுவர்கள் சாகமாட்டார்கள் என்பது விதியே ஆதலால், பாதிச் சுமை முன்பே இறங்கிவிடுகிறது.

படி 3: உண்மையை முதலில் எழுதுங்கள்

துப்புகளை யோசிப்பதற்கு முன், உண்மையில் என்ன நடந்தது என்பதை ஐந்தாறு வரிகளில் எழுதிவிட வேண்டும். எடுத்துக்காட்டாக நான் எழுதி வைத்திருக்கும் ஒன்றைக் காட்டுகிறேன்.

லேனா என்ற 12 வயதுப் பாத்திரத்தின் அப்பா, முன்சோ தீவுக்கும் அடெல்சோ தீவுக்கும் இடையே கார்களை ஏற்றிச் செல்லும் படகை ஓட்டுகிறார். சில வாரங்களாகப் படகு ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம் தாமதமாகக் கரைசேர்கிறது. தன் கைக்கடிகாரத்தின்படி சரியான நேரத்துக்கே வந்ததாக அவர் சத்தியம் செய்கிறார், மேலதிகாரி நம்புவதாயில்லை. உண்மை இதுதான்: லூப்பிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், அங்கிருந்து எடுத்துவந்த கருவியை அடெல்சோ கரையில் உள்ள பழைய படகுக் கொட்டகையில் இயக்குகிறார். அதைச் சுற்றிக் காலம் மெதுவாக ஓடுகிறது. கொட்டகையின் மாடியறையில் அவருடைய கணவர் நோயில் கிடக்கிறார். மருந்து வந்து சேரும் வரை அவருடைய நாள்களை நீட்டிப் பிடிப்பதே அந்தப் பெண்மணியின் எண்ணம். கருவியின் வட்டம் விரிந்துகொண்டே போய்ப் படகுப் பாதையைத் தொட்டுவிட்டது.

இதில் கொடியவர் யாருமில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் கருவியை நிறுத்தினால் ஒருவர் இறக்கக்கூடும், நிறுத்தாவிட்டால் லேனாவின் அப்பாவுக்கு வேலை போகும். சிறுவர்கள் கண்டுபிடித்த பிறகும் முடிவெடுக்க ஒன்று மிச்சமிருக்கிறது. வில்லனைப் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைப்பதோடு முடியும் மர்மத்தில் இந்தக் கனம் வருவதில்லை.

படி 4: துப்புகளைப் பகடைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள்

புதியவர்கள் இடறுவது இங்கேதான், நானும் இடறியிருக்கிறேன். நான் முதன்முதலில் நடத்திய ஆட்டத்தில், முக்கியமான கடிதம் ஒன்றைப் பூட்டிய மேசை இழுப்பறைக்குள் வைத்து, திறப்பதற்குப் பகடை கேட்டேன். மூன்று பகடைகள் உருண்டன, ஆறு விழவில்லை. மறுபடி உருட்டினார்கள், அப்போதும் விழவில்லை. அதற்குமேல் கதை நகர வழியில்லாமல், அரைமணி நேரம் நாற்காலியைப் புரட்டிக்கொண்டும் சுவரைத் தட்டிக்கொண்டும் இருந்துவிட்டு, கடைசியில் 'சரி, பூட்டு தானாகவே திறந்துகொண்டது' என்று நானே அசடு வழியச் சொல்ல வேண்டியதாயிற்று.

கணக்கைப் பார்த்திருந்தால் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டேன். இந்த ஆட்டத்தில் பண்பும் திறனும் சேர்ந்து எத்தனை புள்ளியோ அத்தனை பகடைகளை உருட்ட வேண்டும்; அவற்றில் ஒன்றிலேனும் ஆறு விழுந்தால் வெற்றி. மூன்று பகடைகளுக்கு அதன் வாய்ப்பு 42 விழுக்காடு, நான்குக்கு 52, ஆறு பகடைகள் இருந்தாலும் 67ஐத் தாண்டாது. இரண்டில் ஒரு முறை தோற்கக்கூடிய செயலின் மீது முழுக் கதையையும் நிறுத்துவது, ஒற்றைக் காலில் கூரை போடுவதைப் போன்றது.

இதற்கு இந்தத் துறையில் இரண்டு தீர்வுகள் நன்கு அறியப்பட்டவை. ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ ஆட்டமுறையில், தேட வேண்டிய இடத்தில் உரிய திறனோடு தேடினால் முதன்மையான துப்பு கிடைத்தே தீரும், பகடைக்கே வேலையில்லை. ஜஸ்டின் அலெக்ஸாண்டர் வகுத்த மூன்று துப்பு விதியோ, ஆடுபவர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகளை வைக்கச் சொல்கிறது. ஒன்றைக் கவனிக்காமல் போவார்கள், இன்னொன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்கள்.

நம் மர்மத்தில் எட்ட வேண்டிய முடிவு, 'தாமதத்தின் காரணம் அந்தக் கொட்டகையில் இருக்கிறது' என்பது. அதற்கான துப்புகள்: படகில் சென்றுவந்தவர்களின் கடிகாரங்கள் எல்லாமே ஒரே அளவு பிந்தியிருப்பதும், கொட்டகைப் பக்கம் நின்றிருந்தவரின் கடிகாரம் மட்டும் இன்னும் சற்றுப் பிந்தியிருப்பதும் முதலாவது. ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடப்பதாக ஊரார் சொல்லும் கொட்டகைக்குள் புத்தம்புதிய தடித்த மின்கம்பி போவது இரண்டாவது. மூன்றாவதுதான் என் செல்லப்பிள்ளை: ஏப்ரல் கடைசியில் ஏரி முழுவதும் உருகித் தண்ணீராகிவிட்ட பிறகும், கொட்டகையைச் சுற்றி மட்டும் பனிக்கட்டி வட்டமாக உறைந்து நிற்கிறது. அங்கே இன்னும் வசந்தம் வந்து சேரவில்லை. இதை எந்தக் கூடுகையிலும் யாரேனும் ஒருவர் சட்டென்று பிடித்துவிடுவார் என்று நம்புகிறேன். அந்த நொடியில் நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

ஒரு துப்பு முதலில் தவறான பக்கம் கைகாட்டிவிட்டுப் பிறகு சரியான பக்கம் திரும்புவது எப்படி என்பதற்கு, அதே ஸ்வீடனின் உண்மை வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1986 ஏப்ரல் 28, திங்கட்கிழமை காலை, ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர் ஒருவரின் காலணிகள் கதிரியக்க எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்தன. கசிவு தங்கள் உலையில்தான் என்று முதலில் அஞ்சி ஆள்களை வெளியேற்றினார்கள். உலையில் பழுதில்லை. துகள்களின் தன்மையையும் காற்று வீசிய திசையையும் ஆராய்ந்தபோது, சந்தேகம் சோவியத் ஒன்றியத்தின் பக்கம் திரும்பியது. அன்று மாலைதான் மாஸ்கோ செர்னோபில் விபத்தை ஒப்புக்கொண்டது. காலணி, உலை, காற்று, ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தொலைவு என்று படிப்படியாக விரியும் அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் பொய் சொல்லவில்லை, புரிந்துகொண்டவர்கள்தான் மாறினார்கள். உங்கள் துப்புகளும் அப்படியே இருக்கட்டும். ஆடுபவர்களை ஏமாற்றுவதற்கென்றே பொய்த் துப்புகளைத் திணிக்க வேண்டாம், தவறான கோட்பாடுகளை அவர்களே வண்டி வண்டியாக உற்பத்தி செய்வார்கள்.

படி 5: பெரியவர்களுக்கு வேறு கவலை கொடுங்கள்

'ஏன் காவல்துறையிடம் சொல்லக் கூடாது?' என்ற கேள்வி முதல் மணி நேரத்திலேயே வரும். பெரியவர்கள் எட்டாத தொலைவில் இருப்பவர்கள் என்பது லூப்பின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. ஆனால் அவர்களை முட்டாள்களாகவோ கல்நெஞ்சர்களாகவோ காட்டினால் கதை மலிந்துவிடும். அவர்களுக்கு நியாயமான வேறொரு கவலை இருப்பதே சரியான வழி.

மேலே சொன்ன தேதியை நான் வெறும் ஆர்வத்துக்காகக் குறிப்பிடவில்லை. மர்மத்தை 1986 ஏப்ரல் 28 அன்று தொடங்குங்கள். அந்த வாரம் ஊரில் உள்ள ஒவ்வொரு பெரியவரும் வானொலியருகே இருப்பார், இல்லாவிட்டால் அன்று ஸ்வீடனில் இருந்த இரண்டே தொலைக்காட்சி அலைவரிசைகளில் ஒன்றின் முன்னால் இருப்பார். 'கடிகாரம் நான்கு நிமிடம் பிந்துகிறது' என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால் அம்மா என்ன சொல்வார்? 'மழையில் நனையாமல் உள்ளே வா' என்பார். இயல்பாக ஒரு கெடுவும் கிடைத்துவிடுகிறது: ஏப்ரல் 30 இரவு, ஸ்வீடன் முழுவதும் வசந்தத்தை வரவேற்று ஊர்கூடித் தீ மூட்டும் வால்போரி. தீயைச் சுற்றி ஊரே நிற்கும் அந்த இரவில் கொட்டகைப் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள்.

படி 6: மேசையில் நடத்தும் முறை

காட்சி காட்சியாக நடத்துங்கள். ஒவ்வொரு சிறுவருக்கும் வீட்டிலோ வகுப்பிலோ ஒரு சின்னக் காட்சியோடு தொடங்கி, பிறகு அவர்களை ஒன்றுசேருங்கள். கேள்வி கேட்டு நடத்துவது எளிது. 'உன் வீட்டுச் சமையலறையில் என்ன வாசனை வருகிறது?' என்று கேட்டால், விவரிக்கும் பாரத்தில் பாதியை ஆடுபவர் ஏற்றுக்கொள்வார்.

துப்பைக் கொடுத்துவிட்டு, அதற்கான விலைக்குப் பகடை கேட்பது எப்படி என்பதற்கு ஒரு மாதிரி:

"பலகை இடுக்கு வழியாகக் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கிறேன்."

"பச்சை விளக்கு ஒன்று மிக மெதுவாக மினுக்குகிறது. பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் லூப்பின் முத்திரை. இதைப் பார்க்கப் பகடை வேண்டாம். ஆனால் பின்னால் சரளைக் கல்லில் காலடிச் சத்தம் கேட்கிறது. பிடிபடாமல் நழுவ வேண்டுமானால் பகடையை எடு."

"மூன்று பகடை. ஆறு விழவில்லை."

"அப்படியே விட்டுவிடுகிறாயா, இல்லை முண்டிப் பார்க்கிறாயா?"

முண்டுவதென்றால், வருத்தம், அச்சம், களைப்பு, காயம் ஆகிய நான்கில் ஒரு நிலையை ஏற்றுக்கொண்டு மறுபடி உருட்டுவது. ஒவ்வொரு நிலைக்கும் பின்வரும் உருட்டல்களில் ஒரு பகடை குறையும். நான்கும் நிரம்பிய பிறகு இன்னொன்று வந்தால் பிள்ளை உடைந்துபோகும். அதன்பின் எதை முயன்றாலும் தோல்விதான், தன் நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் போய் மனம்விட்டுப் பேசும் வரை. தோல்வி என்று நீங்கள் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் கதையில் ஏதேனும் ஒன்று நடந்தாக வேண்டும்: கதவு திறந்து அந்தப் பெண்மணி நிற்பது, லேனாவின் சைக்கிள் பறிபோவது என எதுவாகவும் இருக்கலாம். 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற பதிலைத் தவிருங்கள்.

அரைமணிக்கு மேல் ஆடுபவர்கள் குழம்பினால், யாராவது ஒருவரின் வீட்டுக் காட்சிக்கு மாறி, மீதமிருக்கும் துப்பு ஒன்றை அங்கே போடுங்கள். சாப்பாட்டு மேசையில் அப்பா 'அந்தப் பக்கம் இன்னும் பனி உருகவேயில்லை' என்று முணுமுணுத்தால் போதும்.

படி 7: முடித்துவிட்டுக் கதையிழையை நீட்டுங்கள்

ஒரு மர்மம் மூன்று மணி நேரக் கூடுகைகள் இரண்டில் முடிவது நல்ல அளவு. இறுதி மோதலில் ஆடுபவர்கள் எடுக்கும் முடிவு நீங்கள் நினைத்ததாக இல்லாவிட்டாலும் மறுக்காதீர்கள். கருவியை நிறுத்தாமல் படகின் பாதையை மாற்றச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் பேசுகிறோம் என்றால், பேசட்டும். அதன்பின் ஒவ்வொரு சிறுவரும் அன்றாட வாழ்வுக்குத் திரும்பும் சின்னக் காட்சி ஒன்றை நடத்துங்கள்.

தொடராக நடத்துவதற்குப் பருவத்துக்கொரு மர்மம் வசதியானது. இடையிடையே பிறந்தநாள்கள் வரும்; 16 வயதானதும் அந்தப் பாத்திரம் ஆட்டத்திலிருந்து விடைபெற்றுவிடும். ஆகவே 15 வயதுப் பிள்ளையை எடுத்திருக்கும் நண்பருக்கு அடுத்த பாத்திரத்தை யோசித்து வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கொட்டகையில் விடை கிடைக்காமல் போன ஒரு சிறு விஷயத்தை, பெட்டியின் முத்திரைக்குக் கீழே எழுதியிருந்த எண்ணைப் போன்ற ஒன்றை, குறித்து வைத்துக்கொண்டு குளிர்காலத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். டிசம்பர் 13, ஸ்வீடனின் ஒளித் திருவிழாவான லூசியா நாளன்று, மெழுகுவத்தி ஏந்திய பிள்ளைகள் பள்ளியிலிருந்து தேவாலயத்துக்கு இருட்டில் வரிசையாக நடக்கிறார்கள். பள்ளியில் ஆசிரியை எண்ணியபோது 12 பேர். தேவாலய வாசலில் எண்ணும்போது 13 பேர்.