ஐப்பசியில் கோத்தகிரிக்குத் தனியாகப் போவது எப்படி?

தனியாக மலை ஊருக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் ஊட்டி அல்ல, கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர்தான். பஸ் நிலையம், கடைத்தெரு, சாப்பாட்டுக் கடை எல்லாம் காலாற நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஆயுத பூஜையும் தீபாவளியும் ஒட்டாத வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் அறை

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அறையை உறுதி செய்துவிட வேண்டும். தனியாள் என்றாலே பல விடுதிகள் தயங்குகின்றன. இணையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்திருந்தும், நேரில் போய் நின்றபோது "ஒருவருக்கு மட்டும் அறை தருவதில்லை" என்று ஒரு விடுதியில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். மழை பெய்கிற மாலையில், பையும் கையுமாக வேறு அறை தேடுவது எவருக்கும் வேண்டாம். இப்போதெல்லாம் முன்பதிவுத் தளங்களில் விடுதியின் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு, நேராக விடுதிக்கே போன் செய்கிறேன்.

கேட்க வேண்டியவை இவை: தனியாளுக்கு அறை உண்டா? அசல் ஆதார் வேண்டுமா, நகல் போதுமா? இரவு எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவீர்கள்? மழையால் வர முடியாவிட்டால் தேதியை மாற்றித் தருவீர்களா? பதில் சொன்னவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் வந்த பிறகு முன்பணம் கொடுத்தால் போதும். பெண்கள், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்கும் ஹோம்ஸ்டேயைத் தேடுவது நல்லது.

தேயிலைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் பங்களாவின் படம் மனதை இழுக்கும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம். கோத்தகிரித் தோட்டங்களில் கரடியும் காட்டெருமையும் நடமாடுகின்றன. பொழுது சாய்ந்த பிறகு தோட்டப் பாதையில் தனியாக நடக்கவே கூடாது. ஊருக்குள் தங்குங்கள்.

2. டிக்கெட்

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பிக் காலையில் மேட்டுப்பாளையம் சேரும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். போக, வர இரண்டையும் அந்தந்தத் தேதிக்கு முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். அங்கிருந்து கோத்தகிரிக்கு அரசு பஸ்.

மலை ரயில் எனக்கும் உயிர்தான். ஆனால் அது கோத்தகிரிக்கு வராது; குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் செங்குத்தான பாதையில் மண் சரிந்தால் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். ஐப்பசியில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். தை, மாசியில் அதற்கென்றே தனியாக வாருங்கள்.

3. மழை

நீலகிரி முழுவதும் ஒரே பருவத்தில் நனைவதில்லை. கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழைக்கு முகம் கொடுக்கிறது. கோத்தகிரியும் குன்னூரும் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவக்காற்று நேராக வந்து மோதுகிறது. 2009 நவம்பரில் இந்தப் பக்கத்து நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால், வெள்ளி இரவு ரயில் ஏறுவதாக இருந்தால், வியாழன் மாலை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். நீலகிரிக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும். மலையில் இருக்கும்போது மழை வலுத்தால், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

4. இரண்டு நாட்கள்

மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வலுக்கும் என்பதால் வெளியே சுற்றுவதை முற்பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் பங்களா. 1819-இல் இங்கே வந்த கோவை கலெக்டரின் வீடு, இப்போது அருங்காட்சியகம். நீலகிரியின் பழைய படங்களை நிதானமாகப் பார்க்கத் தனியாளாக வருவதே வசதி. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024-இல் சேர்ந்த லாங்வுட் சோலைக்காடும் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் கோடநாடு காட்சிமுனை. மூடுபனி ஏறுவதற்குள் போனால் கீழே மோயாறும் தெங்குமரகடா கிராமமும் தெரியும். திரும்பி வந்து மதியச் சாப்பாடு. மாலை நான்கு மணிக்குள் கீழே இறங்கும் பஸ்ஸில் ஏறிவிட்டால் இரவு ரயிலுக்குப் பதற்றம் இருக்காது.

5. பை

எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் வாங்கிவிடுவார்கள். குடை, ஸ்வெட்டர், இரண்டு ஜோடிக் காலுறை, சில்லறையோடு ரொக்கம்.

பிற்சேர்க்கை: நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்த ஏற்பாடு இது. அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வருபவர்களுக்குத் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் வாடகைக் கார் பிடிப்பதாக இருந்தால், அந்த வண்டிக்குப் பாஸ் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கோத்தகிரிச் சாலையில் உள்ள குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள்.