பங்குனி வியாழனும் பாட்டி சுட்ட வடையும்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிள்ளையை இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறீர்களா? மாசிக் கடைசியில் ஒரு கடிதம் வரும். உலகப் புத்தக நாளுக்குப் பிடித்த கதாபாத்திரமாக உடுத்தி அனுப்பச் சொல்லியிருப்பார்கள். பதற வேண்டாம். ஊரில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வினோத உடை போட்ட ஆட்கள்தானே நாங்கள்.

யுனெஸ்கோவின் புத்தக நாள் ஏப்ரல் 23. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் அதை மார்ச் முதல் வியாழனில் வைக்கிறார்கள். 2026இல் அது மார்ச் 5. உடை கட்டாயமில்லை. சில பள்ளிக்கூடங்களில் பைஜாமாவே போதும், அதனால் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். அவர்கள் தரும் ஒரு பவுண் ரோக்கனையும் தொலைக்காதீர்கள். அந்த நாளுக்கென்றே அச்சிடும் சிறு புத்தகங்களில் ஒன்றை அதைக் கொடுத்துச் சும்மாவே எடுக்கலாம்.

சூப்பர்மார்க்கெற்றில் தொங்கும் உடைகளைப் பார்த்துக் காசை இறைக்காதீர்கள். அண்ணன், தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாரையும் ஒரே கதைக்குள் போட்டுவிட்டால் செலவு தானாகக் குறையும். கறுப்புக் காற்சட்டையோடு தனியே நிற்கிற பொடியன் யாரென்று ஒருவருக்கும் விளங்காது. பக்கத்தில் ஒரு வடை நின்றால் அவன் காகம்தான்.

ஆகவே பாட்டி வடை சுட்ட கதை. காகத்துக்குப் பள்ளிக்கூடக் கறுப்பு உடுப்பே போதும். பழைய கறுப்பு ரீசேட்டைக் கீலம் கீலமாக வெட்டிக் கையோரம் ஊசி குத்திவிட்டால் சிறகு. முகமூடி வேண்டாம், பிள்ளைக்குக் கண் தெரியாது. தொப்பியின் முன்விளிம்பில் கறுப்பு மட்டையை மடித்து ஒட்டினால் அதுவே அலகு. நரிக்கு மண்ணிற ஜம்பரும், பழந்துணி அடைத்த நீளக் காலுறையில் ஒரு வாலும். பாட்டிக்கு அம்மாவின் பழஞ்சீலையில் பாதி. கொசுவத்தைத் தைத்து இடுப்பில் இலாஸ்ரிக் போட்டுவிடுங்கள், கழிவறைக்குப் போய்வர லேசு. கையில் ஒரு ஓலைப்பெட்டி. ஊரிலிருந்து யாராவது வந்தால் கொண்டுவரச் சொல்லலாம், அதற்குப் பாரமே இல்லை.

வடைதான் உண்மையான வேலை. பார்சல் வந்த காட்போட் மட்டையில் இரண்டு வட்டம் வெட்டுங்கள். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அகலம் போதும். அதற்குக் கீழே போனால் வகுப்பில் தரையில் இருக்க ஏலாது. நல்ல சாயத் தேத்தண்ணியைத் தூரிகையால் இரண்டு தரம் பூசிக் காயவிட்டால் பொரிந்த நிறம் வரும். பருப்பு வடையே சுகம்: ஓட்டை வேண்டாம். மஞ்சள் கடுதாசித் துண்டுகள் பருப்பு, சிவப்பு மிளகாய், பச்சை கறிவேப்பிலை. முன்னும் பின்னுமாக வைத்து, தோள்களின் மேல் நாடாவால் கட்டுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. படலை தாண்டியதும் ஆளுக்கொரு வகுப்பு. காகத்தின் அலகில் ஒரு சின்ன வடையை ஒட்டிவிடுங்கள், தனியே நின்றாலும் கதை தெரியும். ‘எந்தப் புத்தகம்?’ என்று ரீச்சர் கேட்பார். அச்சுப் புத்தகம் கையில் இல்லையென்றால் நாலு தாளை மடித்து, பிள்ளைகளே படம் கீறி, இரு மொழியிலும் எழுதட்டும்; எனக்கென்றால் அதுதான் கடையில் வாங்கியதைவிட மேல்.

வீட்டில் ஒரே பிள்ளை என்றால் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டில் வரும் கத்தரிவெருளி, அதாவது கத்தரித் தோட்டத்தில் காவல் நிற்கும் பொம்மை, இருக்கவே இருக்கிறது. அப்பாவின் பழைய சேட், கழுத்திலும் கையிலும் கொஞ்சம் வைக்கோல் நிறக் கம்பளிநூல், ஒரு ஓலைத்தொப்பி. இதற்குக் கூட்டாளி தேவையில்லை.

பங்குனிக் குளிரை மறக்க வேண்டாம். உள்ளே தேர்மல் போட்டு, மேலே ஜக்கெற்றையும் கொழுவிவிட்டு, வடையை உங்கள் கையில் கொண்டுபோய் வகுப்பு வாசலில் மாட்டிவிடுங்கள்.