ஜிம், நீச்சல் குளம், லாண்ட்ரி பூட்டிக் கிடந்தால்: ஒன்ராறியோ வாடகையாளர்களுக்கு

ரொறன்ரோவில் அப்பார்ட்மென்ட் பார்க்கப் போனால் முதலில் நீச்சல் குளத்தையும் ஜிம்மையும்தான் காட்டுவார்கள். குடிவந்த பிறகு 'திருத்த வேலை' என்று கதவில் தாள் ஒட்டிவிட்டால், அதே வாடகையைத்தான் கட்ட வேண்டுமா?

முதலில் லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம். மாகாணத்தின் பொதுப் படிவத்தில் 6ஆம் பகுதி, வாடகைக்குள் அடங்கும் வசதிகளைச் சொல்கிறது. லாண்ட்ரி, ஏசி, விருந்தினர் பார்க்கிங் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டங்கள் உண்டு. குளம், ஜிம்முக்கு இல்லை. கையெழுத்துப் போடுமுன் 'மற்றவை' என்ற இடத்தில் எழுதி வாங்குங்கள். எழுதாமல் விட்டவர்கள் வாடகை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.

2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் லிஃப்ட், லாண்ட்ரி, பார்க்கிங், பொது விளையாட்டு வசதிகள் எல்லாவற்றையும் 'சேவை'யாகவே கணக்கிடுகிறது. அவற்றை நிறுத்தினாலோ குறைத்தாலோ, வாடகைக் குறைப்புக் கேட்டு, வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் லேண்ட்லோர்ட் அன்ட் டெனன்ட் போர்டில் டி3 படிவம் போடலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: மூடல் தற்காலிகமானது, எடுத்த காலமும் நியாயமானது என்று போர்ட் கருதினால் குறைப்புக் கிடையாது. இத்தனை நாள்தான் நியாயம் என்று சட்டம் எண் வைக்கவில்லை. அதனால் வழக்கே தேதிகளில்தான் நிற்கிறது. ஒட்டிய அறிவித்தலைத் தேதி தெரியப் படம் எடுங்கள். திறப்பதாகச் சொன்ன நாள் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் புதிய தாளையும் எடுங்கள். வேலையாட்களே வராத வாரங்களைக் குறித்து வையுங்கள். 'எப்போது திறப்பீர்கள்?' என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கட்டிடத்தைக் கவனிக்கும் சூப்பரின்டென்டன்ட் வாய்வழியாகச் சொன்ன பதில் விசாரணையில் நிற்காமல் போகலாம்.

இடிக்கும் சத்தமும் தூசியும் வீட்டுக்குள் வந்தால் அது வேறு விஷயம், அதற்கு டி2 என்ற வேறு படிவம். ஆனால் வேலை தொடங்க 60 நாளுக்கு முன்பே விவரமாக அறிவித்து, சட்டத்தின் மற்ற நிபந்தனைகளையும் உரிமையாளர் நிறைவேற்றியிருந்தால், அவர் தப்பிவிடலாம்.

எக்காரணம் கொண்டும் நீங்களாகவே வாடகையைக் குறைத்துக் கட்டாதீர்கள். வாடகை பாக்கிக்கான என்4 நோட்டீஸ் உடனே வரும். பாக்கியைக் கட்டச் சில நாட்கள்தான் அவகாசம். அதன்பின் வெளியேற்ற மனு. முழு வாடகையையும் கட்டிக்கொண்டே டி3 போடுங்கள். வசதி நின்ற நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டணம் உண்டு, குறைந்த வருமானம் என்றால் விலக்குக் கேட்கலாம்.

கொண்டோவில் (ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர் உள்ள கட்டிடத்தில்) வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க: குளத்தை மூடியது கொண்டோ நிர்வாகமாக இருந்தாலும், உங்கள் மனு வீட்டு உரிமையாளர் மேல்தான். ஸ்காபரோ பேஸ்மென்ட்களில் உரிமையாளருடன் சமையலறையையோ குளியலறையையோ கட்டாயம் பகிர வேண்டிய ஏற்பாடென்றால், பெரும்பாலும் இந்தச் சட்டமே பொருந்தாது.

வேலை முடிந்த பிறகும் தபாலைப் பிரித்துப் பாருங்கள். பெரிய செலவைக் காட்டி, வழக்கமான உயர்வுக்கு மேல் ஆண்டுக்கு 3% வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குக் கூட்டித் தரும்படி உரிமையாளர் போர்டிடம் கேட்கலாம். அந்த விசாரணையில் அயலவர்களோடு சேர்ந்து எதிர்க்க உங்களுக்கு உரிமை உண்டு.